தோஷேகோனுக்கு ஒரு டிக்கெட்

எங்கள் அம்மா ஒரு ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பர்மாவில், ஷ்வேஜின் ஆற்றின் மேல்புறத்தில், மலை தொடங்கும் இடத்தில், தோஷேகோன் என்று ஒரு ஊர் இருக்கிறது. இன்றைக்குக் கைபேசி வரைபடத்தில் தட்டினால்கூட வருகிறது. பர்மியர்கள் நம் தோசையைத் தோஷே என்பார்கள்; கோன் என்றால் மேடு. தோசைமேடு. அந்த மேட்டில் தோசை வார்த்தவள் எங்கள் அம்மா. இப்போது யாங்கோன் நகரத்துப் பசுந்தாங்கில் மூன்றாம் மாடியில், முழங்கால் வலியோடு, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தத்தைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவளேதான்.

இது இப்படித் தொடங்கியது. அப்போது நாங்கள் அதே நகரத்தில், மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் பாதைக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருந்தோம். அப்பா ரயில்வே சரக்குக் கொட்டகையில் வேலை. அம்மா காலையில் சந்து முனையில் தோசைக்கடை போடுவாள். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எந்த வேலையிலும் மூன்று மாதம் நிலைத்ததில்லை. ஷ்வேஜின் பக்கம் ஆற்று மணலில் பொன் கிடைக்கிறது என்று யாரோ டீக்கடையில் சொல்ல, அவருக்குத் தரையில் கால் நிற்கவில்லை. அம்மாவின் தோட்டை இரவல் வாங்கினார். அதை விற்று ஒரு மரத்தட்டும் மண்வெட்டியும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பத்து நாளில் ஒரு கடிதம் வந்தது. இங்கே மணலைக் கையில் அள்ளினாலே மினுங்குகிறது அக்கா, என்று எழுதியிருந்தார். மினுங்கியது காக்காப்பொன் என்பதை எழுதவில்லை.

அதற்குப் பிறகு கடிதமே இல்லை. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த அம்மா, தம்பியைக் கூட்டிவரப் புறப்பட்டாள். போகும்போது தோசைக்கல்லையும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டாள். வெறுங்கையோடு எங்கேயும் போகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அங்கே மாமா மலைக்காய்ச்சலில் ஓலைக்குடிசையில் கிடந்தார். மருந்துக்கும் வழியில்லை, திரும்பி வரவும் வழியில்லை. அம்மா ஒரு மேட்டைப் பார்த்து மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். தம்பி தேறியதும் மழை வந்து வழி அடைபட்டது. மழை விட்டதும் தோண்டுகிறவர்கள் கூட்டம் கூடிவிட்டது. ஒரு மாதத்தில் வருகிறேன் என்று போனவள், திரும்பி வர இரண்டு வருடம் ஆகிவிட்டது. அவள் போனபோது எனக்கு ஆறு வயது, வந்தபோது எட்டு. தம்பியைக் கூட்டிவரப் போனவள் ஒரு ஊரை உண்டாக்கிவிட்டு வந்தாள்.

இடைப்பட்ட இரண்டு வருடமும் என்னை வளர்த்தது அத்தை, அப்பாவின் அக்கா. நகரத்தின் இன்னொரு மூலையான தாகேதாவிலிருந்து வந்து எங்களோடு தங்கினாள். வேளைக்குச் சோறு போடுவாள், தலை பின்னிவிடுவாள், பின்னும்போதே அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டே இருப்பாள். "பிள்ளைய விட்டுட்டு எவளாவது பொன்னு தேடிப் போவாளா?" என்பாள். அம்மா திரும்பி வந்த பிறகும் அத்தை எங்களோடேயே இருந்தாள்; பேச்சு இன்னும் கூர்மையானது. "தங்கம் எடுக்கப் போனவ அதே தோசைக்கல்லோட வந்து நிக்கிறா." அம்மா பதில் சொல்ல மாட்டாள். மாவைக் கரண்டியால் அடித்துக் கலக்குவாள். அவ்வளவுதான்.

எனக்குப் பதில் தேவைப்பட்டது. அந்தப் பதிலை மாமா கொடுத்தார். பொன் எடுத்துவர முடியாத மனிதர் கதைகளை மூட்டை மூட்டையாக எடுத்து வந்திருந்தார். உளுந்து ஆட்டிக்கொண்டே சொல்வார். பொன் தேடுகிறவர்களுக்கு உட்கார்ந்து யோசித்துப் பெயர் வைக்க நேரம் கிடையாதாம். ஒரு கூட்டம் இன்றைக்கு இங்கே தோண்டும், மணல் வற்றினால் அடுத்த வளைவுக்குப் போய்விடும். பம்பு உடைந்த இடம் பம்பு உடைந்த மேடு. ஒருவர் மாமியாரோடு வந்து சண்டை போட்ட இடம் மாமியார் ஓடை. ஆறு மாதம் தோண்டியும் ஒரு பொட்டுப் பொன்கூடக் கிடைக்காத இடத்துக்குச் சும்மா இடம் என்று பெயர்; அதில் மாமாவுக்கும் பங்குண்டு. இந்தப் பெயர்களையெல்லாம் நிலைக்க வைப்பது லாரிக்காரர்கள். மேலே போகிற அரிசி மூட்டையில், எங்கே இறக்க வேண்டும் என்று மையால் எழுதுவார்கள். மூட்டையில் எழுதிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு அரசாங்கமே வந்தாலும் அதுதான் ஊர்ப் பெயர்.

"நம்ம மேட்டு மூட்டையில என்ன எழுதினாங்க மாமா?"

"தோஷேகோன்னு எழுதினாங்க. விடியக்காலையில ஆத்துக்குள்ள இறங்குறவன் எல்லாம் எங்க அக்கா தோசைய தின்னுட்டுத்தான் இறங்குவான். வேகவச்ச பட்டாணி போட்டு, மொறுமொறுன்னு. கையில காசு இல்லாதவன் வாழை இலைக் கிழிசல்ல பொன்தூள் வச்சுக் குடுப்பான். அதுவும் இல்லாதவனுக்குச் சும்மாவே போடுவா."

இந்தக் கதை எனக்குப் போதுமானதாக இருந்தது. அத்தை தலை பின்னும்போது மனதுக்குள் தோஷேகோன், தோஷேகோன் என்று சொல்லிக்கொள்வேன். பின்னல் இழுப்பது வலிக்காது.

எனக்குப் பத்து வயது, நாலாம் வகுப்பு. எங்கள் ஸயாமா, வகுப்பு ஆசிரியை, கண்டிப்பானவர். சுண்ணாம்புக் கட்டியை ஒரு காகிதத்தில் சுற்றிப் பிடித்துத்தான் எழுதுவார். விரலில் பொடி ஒட்டக்கூடாது. ஒரு திங்கட்கிழமை, ஆளுக்கு ஓர் ஊரின் பெயர் எப்படி வந்தது என்று கேட்டு வந்து சொல்லச் சொன்னார். எடுத்துக்காட்டாக ஷ்வேஜினையே சொன்னார். ஷ்வே என்றால் பொன், ஜின் என்றால் அரிப்பது, பொன் அரித்த இடம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஸயாமா என் வீட்டு வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வராமல் திரும்பியதுபோல இருந்தது.

மறுநாள் ஒருத்தி யாங்கோன் என்றால் பகை ஒழிந்த இடம் என்று சொல்லிக் கைதட்டு வாங்கினாள். என் முறை வந்தது. கையைக் கட்டிக்கொண்டு, மாமா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். ஒன்றிரண்டைக் கூட்டியும் சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆற்றைத் தாண்டி இரண்டு மைலுக்குத் தோசை மணக்கும் என்று மாமா சொன்னதில்லை. நான் முடிப்பதற்குள் பின்வரிசையில் ஒருவன் "தோஷே! தோஷே!" என்று கூவ, வகுப்பே சிரித்தது.

ஸயாமா சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய வரைபடத்தைக் காட்டினார்.

"இதுல காட்டு."

ஷ்வேஜினைக் கண்டுபிடித்தேன். ஆற்றின் நீலக்கோட்டோடு விரலை மேலே நகர்த்தினேன். இருந்ததெல்லாம் பச்சை நிறம்தான். ஒரு எழுத்தும் இல்லை.

"படத்துல இல்ல ஸயாமா. ஆனா ஊர் இருக்கு."

"இருந்தா படத்துல இருக்கும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆதாரம் கொண்டு வா. இல்லேன்னா எல்லார் முன்னாலயும் நின்னு, நான் சொன்னது பொய்னு நீயே சொல்லணும்."

அவர் பர்மிய மொழியில் சொன்னார். நான் இங்கே நம் மொழியில் எழுதுகிறேன். பொய் சொன்னதாக நிற்பதுகூடப் பெரிதில்லை. அப்படி ஒரு ஊரே இல்லை என்று என் வாயாலேயே சொல்லிவிட்டால், அந்த இரண்டு வருடம் அம்மா எங்கே இருந்தாள்? அத்தை சொன்னதுதான் உண்மையென்று ஆகிவிடும். பிள்ளையை விட்டுவிட்டுப் பொன் தேடிப் போய் வெறுங்கையோடு வந்தவள், அவ்வளவுதான் எங்கள் அம்மா என்று ஆகிவிடும். அதை என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டில் மாமாவிடம் மட்டும் சொன்னேன். அவர் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கே வந்து சத்தியம் செய்கிறேன் என்றார். மாமாவின் சத்தியம் எங்கள் சந்திலேயே செல்லாது. அத்தை காதில் அது விழுந்து, "போகாத ஊருக்கு வழி சொன்னா இப்படித்தான்" என்றாள். அம்மா தோசைக்கல்லைச் செங்கல் துண்டால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கும் சத்தம் ஒரு கணம் நின்றது, பிறகு மறுபடி கேட்டது. அம்மாவுக்கே சொல்ல ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை அம்மா கடை போடவில்லை. காய்ச்சலிலும் கடை போட்டவள் அவள். இங்கே பெண்களும் லுங்கிதான் கட்டுவார்கள்; நல்லதாக ஒன்றைக் கட்டி, தலையில் பூ வைத்து, என் கையைப் பிடித்தாள். "பள்ளிக்கூடம்?" என்றேன். "நாளைக்குப் போகலாம்" என்றாள்.

இரண்டு பேருந்து மாறி, வெளியூர் வண்டிகள் நிற்கிற பெரிய நிலையத்துக்குப் போனோம். அவ்வளவு வண்டிகளை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. கருவாட்டுக் கூடைகள், டீசல் பீப்பாய்கள், கூண்டுக்கோழி, கூரைமேல் ஏறிக் கயிறு கட்டுகிற ஆட்கள். ஒவ்வொரு வண்டி வாசலிலும் ஒரு கண்டக்டர் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர்களைக் கூவினார். அம்மா ஒவ்வொரு வரிசையாக நடந்தாள். நடை வேகமாகத்தான் இருந்தது, ஆனால் என் கையைப் பிடித்திருந்த பிடி வழுக்கியது, அவளுக்கு வியர்த்திருந்தது. ஊர் இன்னும் இருக்கிறதா, மணல் வற்றி எல்லோரும் போய்விட்டார்களா என்று அவளுக்கும் தெரியாது.

கடைசி வரிசையில், சேறு காய்ந்த ஒரு பழைய பச்சை வண்டி நின்றது. அதன் கண்டக்டர் ஒரே மூச்சில் ஏழெட்டுப் பெயர்களைக் கூவினார். பாகோ என்றார், ஷ்வேஜின் என்றார், எனக்குத் தெரியாத இன்னும் சில ஊர்களைச் சொன்னார். கடைசியாக, எல்லாவற்றையும்விட நீட்டி, "தோஷேகோன்! தோஷேகோன்! தோஷேகோன்!"

நான் அப்படியே நின்றுவிட்டேன். மாமாவின் வாயிலிருந்தும் என் மனதிலிருந்தும் தவிர வேறெங்கும் கேட்டிராத பெயரை, முன்பின் தெரியாத ஒருவர் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஒரு கிழவி, "தோஷேகோன் போக எத்தனை மணி ஆகும்?" என்று சாதாரணமாகக் கேட்டாள். பெருமையில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அந்தக் கிழவியைக் கட்டிப்பிடித்து, அது எங்கள் அம்மாவின் ஊர் என்று சொல்லவேண்டும்போல இருந்தது.

கூரையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டுக் குதித்து இறங்கினார். முன்பல் இரண்டும் இல்லை.

"தோஷே அமா!" என்று கத்தினார். அமா என்றால் அக்கா. "உயிரோடதான் இருக்கியா! தம்பி இருக்கானா? இன்னும் கனவுல பொன்னு எடுக்குறானா?"

அவர் மேட்டில் பொன் அரித்தவராம். இப்போது அங்கேயே கடை வைத்திருக்கிறாராம். மேட்டில் நாற்பது வீடு வந்துவிட்டது, ஒரு புத்தமடம் வந்துவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு மரம் இறக்கியிருக்கிறார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னார். பிறகு என்னைக் குனிந்து பார்த்தார்.

"உன் மகளா? பாப்பா, உங்கம்மா லேசுப்பட்டவ இல்ல. எங்களையெல்லாம் மூணு நாள் பட்டினி போட்டவ. மூணு நாள் அடுப்பே பத்த வைக்கல. அதுவும் எதுக்கு, ஒரு..."

"பிள்ளை நிக்கிறா" என்றாள் அம்மா. சத்தம் போடவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். மழையில் விறகு நனைந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அம்மா கண்டக்டரிடம் போனாள். "தோஷேகோனுக்கு ஒரு டிக்கெட்."

"யார் போறா?"

"யாரும் போகல. டிக்கெட் மட்டும் வேணும். ஊர்ப் பேரைச் சுருக்காம, முழுசா, அழகா எழுது."

கண்டக்டர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். பல்லில்லாதவர் அவர் காதில் ஏதோ சொன்னார். கண்டக்டர் உடனே நிமிர்ந்து, ஏட்டைத் தொடையில் வைத்து, முத்து முத்தாக எழுதினார். காசு வேண்டாம் என்றார். அம்மா கேட்கவில்லை. இரண்டு நாள் கடை வருமானத்தை எண்ணிக் கொடுத்தாள். வாங்கிய இருக்கையில் பல்லில்லாதவரையே உட்காரச் சொன்னாள். கூரைமேல் போகிற மனிதர் அன்றைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டி வாசலைத் தாண்டும்வரை எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

வெள்ளிக்கிழமை அம்மா பள்ளிக்கூடம்வரை வந்தாள். டிக்கெட்டை என் கையில் கொடுத்து, "நீயே போய்க் குடு" என்றாள். அவள் வராந்தாவில், ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டாள்.

ஸயாமா டிக்கெட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். திருப்பிப் பார்த்தார். முத்திரை, தேதி, வண்டி எண், புறப்படும் இடம் யாங்கோன், சேரும் இடம் தோஷேகோன். ஜன்னல் பக்கம் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா கைகூப்பினாள். ஸயாமா பதிலுக்குத் தலையைத் தாழ்த்தினார். பிறகு வரைபடத்தை ஆணியிலிருந்து கழற்றி மேசைமேல் விரித்தார்.

"எங்க இருக்கு, சொல்லு."

ஷ்வேஜினுக்கு மேலே, ஆறு இரண்டாவது முறை வளைகிற இடம். மாமா மாவு சிந்திய தரையில் நூறு தடவை வரைந்து காட்டியிருந்தார். விரல் வைத்தேன். அந்தக் கண்டிப்பான ஸயாமா சிவப்புப் பேனாவை எடுத்து, என் விரல் இருந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் சிறிய எழுத்தில் பெயரை எழுதினார். படத்தை மறுபடி மாட்டினார். "தப்பு படத்துலதான்" என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னார். எங்கள் பள்ளியில் பாடம் என்றால் எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்லவேண்டும். ஸயாமா பிரம்பால் புள்ளியைத் தொட்டார். பின்வரிசைப் பயல் உட்பட வகுப்பு முழுவதும் எழுந்து நின்று, கூரைத்தகரம் அதிர, "தோஷேகோன்! தோஷேகோன்!" என்று சொன்னது.

ஜன்னலைப் பார்த்தேன். அம்மா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வராந்தாவில் வெயில் அதிகம் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருமை தாங்காமல் பேராசை வந்துவிட்டது. ஷ்வேஜினைவிடப் பெரிய ஊராகிவிடுமா, அங்கே ரயில் வருமா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். சந்து முனையில் ஒரு குறை தோன்றியது.

"ஏம்மா, உன் பேரை வச்சிருக்கக்கூடாதா? போயும் போயும் தோசை பேரு. நானா இருந்தா உன் பேரைத்தான் வைக்கச் சொல்லியிருப்பேன்."

"என் பேரு எனக்கு இருக்கு. ஊருக்கு எதுக்கு?" என்றாள். எனக்குக் கோபம். கொஞ்சம் கெட்டிக்காரியாக இருந்திருக்கலாம் என்று அம்மாவைப் பற்றி நினைத்தேன். அத்தை அன்று என் தலையைப் பின்னும்போது ஒன்றும் சொல்லவில்லை. மாமா மட்டும் வந்து போகிறவர்களுக்கெல்லாம் டிக்கெட்டைக் காட்டினார்.

ஒன்பது வருடம் கழித்து, கல்லூரிக்குப் போகிற காலத்தில், பசுந்தாங் பேருந்து நெரிசலில் ஒரு பெண்ணின் காலை மிதித்துவிட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். நம் நிறத்தையும் பிறப்பையும் சேர்த்துத் துப்புகிற அந்த வார்த்தையை இந்த ஊரில் வாழ்கிற நம்மவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். இங்கே அதை எழுத மாட்டேன். வீட்டுக்கு வந்து பையை எறிந்துவிட்டு அழுதேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்த மாமா கத்தியைக் கீழே வைத்தார். கதை சொல்லும் குரல் இல்லாமல், வேறு குரலில் பேசினார்.

"நம்ம மேட்டுக்கு முதல்ல அந்தப் பேருதான் வச்சாங்க. அந்த வார்த்தை, அதோட கோன். அந்தப் பொம்பளையோட மேடுன்னு. லாரிக்காரன் முதல் மூட்டையில அதையே எழுதி இறக்கிட்டான். அக்கா அதப் படிச்சா. அடுப்புல தண்ணிய ஊத்தி அணைச்சா. அந்த மூட்டை இருக்கிற மேட்டுல கல்லு காயாதுன்னுட்டா. மூணு நாள். நான்கூடக் கால்ல விழுந்து கேட்டேன், பொழப்புக் கெடும் அக்கா, பேருதானேன்னு. அசையல. நாலாம் நாள் விடியக்காலையில எல்லாரும் வந்தாங்க. பல்லில்லாதவன்தான் மூட்டையப் புரட்டிப் போட்டு, மறுபக்கம் அடுப்புக்கரியால எழுதினான். என்ன எழுதணும்னு அக்காவைக் கேட்டான். நீங்க காலையில எதைத் தேடி இங்க வர்றீங்களோ அதை எழுதுங்கன்னா."

உள்ளேயிருந்து அம்மா, "மாவு பொங்குது பாரு, மூடியத் திற" என்று குரல் கொடுத்தாள். மாமா எழுந்து போனார்.

அந்த டிக்கெட் இன்னும் என்னிடம் இருக்கிறது. கண்டக்டரின் மை வெளுத்துவிட்டது, ஊர்ப் பெயரைப் படிக்க முடிகிறது. அதை எடுக்கும்போதெல்லாம் அந்த வெள்ளிக்கிழமைதான் நினைவுக்கு வரும். வேறு ஒரு பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கக்கூடிய பிள்ளைகள், எங்கள் அம்மா மூன்று நாள் அடுப்பை அணைத்து வாங்கிய பெயரை எழுந்து நின்று பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். எனக்கோ, அதில் அவள் பெயர் இல்லையே என்று குறை.